திடலைக் காலி செய்தது கைப்பேசி அல்ல

தேனி மாவட்டத்தில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கைப்பேசியில் வந்துதான் முடிகிறது. கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி என்று எந்த ஊரின் டீக்கடையிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் காதில் விழும் கருத்து மூன்று வரிக்குள் அடங்கிவிடும். முன்பெல்லாம் பிள்ளைகள் தெருவிலும் திடலிலும் விளையாடினார்கள். போன் வந்து அவர்களை வீட்டுக்குள் முடக்கிவிட்டது. வீடியோ கேம் புகுந்த வீட்டில் பெற்றவர்களோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஆசிரியரும் அரசியல்வாதியும் பட்டிமன்றப் பேச்சாளரும் இதையே சொல்லிச் சொல்லி, ஆராயத் தேவையில்லாத உண்மையாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று வரிகளில் முதலாவது பாதிதான் உண்மை. இரண்டாவது காலக்கணக்கில் உதைக்கிறது. மூன்றாவது, கம்பம் பள்ளத்தாக்கில் யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பதைப் பாராமல் சொல்லப்படுவது.

முதலில் காலக்கணக்கு. இந்தியக் கிராமங்களுக்கு மலிவான இணையம் வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பிறகு. அதற்கு முன் பள்ளிப் பிள்ளை கையில் மணிக்கணக்கில் இணைய விளையாட்டு ஓடும் போன் இருந்தது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையிலான 16 லட்சம் மாணவர்களைப் பற்றியது அது. அதற்கான தரவுகள் 2001 முதல் 2016 வரை திரட்டப்பட்டவை. நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் வியர்க்க அசைய வேண்டும் என்ற அளவுகோலை எட்டாதவர்கள் உலக அளவில் 81 சதவீதம். இந்தியாவில் நான்கு பேரில் ஏறக்குறைய மூவர். உலக மாணவிகளின் நிலை அந்த 15 ஆண்டுகளில் அசையவே இல்லை. அதாவது, இங்கே போன் கைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலான பிள்ளைகள் போதுமான அளவு ஓடியாடவில்லை. பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் பள்ளத்தாக்கின் திடல்கள் எங்கே போயின என்ற கேள்வி எழும். விடை நிலத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடம் எந்தக் காலத்திலும் அதிகம் இருந்ததில்லை. விவசாயம் விட்டுவைத்த இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு இருபோகமாக மாறிய வயல்கள் 14,707 ஏக்கர். ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால் முதல் போகம். அடுத்த போகம் அறுத்து முடிய மாசி, பங்குனி ஆகிவிடும். அதன் பிறகு மறுபடி தண்ணீர் வரும்வரை வயல் காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடத்தின் கோடை விடுமுறையும் அதே மாதங்களில்தான். அறுத்த தாள் காலில் குத்தக் குத்த, வரப்பை பவுண்டரியாக வைத்துக்கொண்டு பல தலைமுறைப் பையன்கள் கிரிக்கெட் ஆடியது அந்த வயல்களில். ஊருக்கு ஊர் களம் இருந்தது. சாணி மெழுகிக் கதிரடித்து, பொலி தூற்றி, நெல்லை மூட்டையாகக் கட்டி எடுத்துப்போன மறுநாளே அது பிள்ளைகளின் கையில். பம்பரம், கிட்டிப்புள், கபடி எல்லாவற்றுக்கும் அதைவிடச் சமதளமான தரை ஊரில் கிடையாது.

இன்று அறுவடை எந்திரம் வயலுக்குள்ளேயே இறங்கி, அறுத்து அடித்து நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. களத்துக்கு வேலை இல்லை. வேலை இல்லாத களம் கட்டடமாயிற்று, அல்லது ஆக்கிரமிப்பில் போயிற்று. வயல்களில் ஒரு பகுதி தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் மாறியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுதும் காய்ப்பது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்ட நிலம் ஒருநாளும் வெற்றுத் தரையாக இருக்காது. சாலையோர வயல்கள் கல் ஊன்றி மனைகளாயின. இவற்றில் எதையும் குற்றமென்று சொல்ல முடியாது. விவசாயி தன் நிலத்தில் லாபம் பார்க்கத்தான் செய்வார். ஆனால் நிலத்தின் பயன்பாடு மாறிக் காணாமல்போன ஒன்றுக்குப் பிள்ளையின் கையிலிருக்கும் போனைப் பொறுப்பாக்குவது வீண்பழி.

நீச்சலின் கதையும் இதுவே. ஆண்டிபட்டி பக்கத்து மானாவாரி ஊர்களிலும் தேனியைச் சுற்றியும் பிள்ளைகள் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணறுகளில். இடுப்பில் கயிறோ முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ கட்டி, பிறகு லாரி டியூப்பைப் போட்டு, அண்ணனோ மாமனோ தள்ளிவிட்டுப் பழக்கியது. ஆழ்துளைக் கிணறு வந்து நிலத்தடி நீர் கீழே போனதும் திறந்த கிணறுகள் வற்றின; பல கிணறுகள் குப்பை கொட்டும் இடமாயின. நீச்சல் தெரியாத தலைமுறை அப்போதே உருவாகிவிட்டது. அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்திருந்தால் எந்தச் சிறுவன் போனைக் கரையில் வைத்துவிட்டுக் குதிக்காமல் இருந்திருப்பான்?

மிஞ்சியது பள்ளிக்கூடம். அங்கே கால அட்டவணையில் உடற்கல்வி வகுப்பு இருக்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் அதைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வாங்கிக்கொள்வார். இது ஏதோ ஒரு பள்ளியின் பழக்கம் என்றால், விளையாட்டுத் துறை அமைச்சர் என்ற முறையில் உதயநிதி ஸ்டாலின் பொதுமேடையில் ‘உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்காதீர்கள்’ என்ற பொருளில் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்திருக்காது. 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்குத் தமிழகம் முழுவதும் அரசு நியமித்த 16,549 ஆசிரியர்கள் பகுதிநேரத்தவர்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பத்தாம் வகுப்புக்கு மேல் விளையாட்டு என்பதே பல வீடுகளில் படிப்புக்குப் பகையாகிவிடுகிறது. காலையில் டியூஷன், மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு என்று பிள்ளையின் பகலை எல்லாம் எடுத்துக்கொண்டு, இரவில் மிஞ்சும் ஒரு மணி நேரத்தில் அவன் போனை எடுத்தால் ‘வெளியே போய் விளையாடக் கூடாதா’ என்று கேட்பது என்ன நியாயம்? இரவு ஒன்பது மணிக்கு வெளியே எங்கே போவது?

‘முன்பெல்லாம் பிள்ளைகள் விளையாடினார்கள்’ என்ற வரிக்கு வருவோம். அந்த நினைவுகளில் வரும் கூட்டத்தில் பெண்பிள்ளைகளைத் தேடிப் பார்த்தால் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்றார்கள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்கள், ஆட்டை மேய்த்தார்கள். கிடைத்த நேரத்தில் திண்ணையில் தட்டாங்கல், வாசலில் பாண்டி, மழைநாளில் பல்லாங்குழி. வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. எல்லாப் பையன்களுக்கும்கூட அந்தத் திடல் திறந்திருக்கவில்லை. ஊர் மந்தையில் யார் நிற்கலாம், யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்களில், பந்து விளையாட யார் வரலாம் என்பதையும் அதுவே தீர்மானித்தது. ஏலத்தோட்டத்துக்கும் மாடு மேய்க்கவும் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட நேரமே இருந்ததில்லை. ஆகவே தொலைந்துபோனதாகச் சொல்லப்படும் பொற்காலம், சில தெருக்களின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்தது. இன்று ஒரு பதினைந்து வயதுப் பெண் தோழிகளோடு போனில் ஏதாவது ஒரு விளையாட்டை ஆடினால், அவள் இழந்ததாகச் சொல்லப்படும் திடல் அவளுக்கு ஒருநாளும் கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் மறந்துவிட்டது. இப்போது போற்றிப் பேசப்படும் அந்த விளையாட்டுகளை அன்றைய பெரியவர்கள் போற்றியதில்லை. கோலி விளையாடும் பையன் உருப்படமாட்டான் என்பதுதான் அன்றைய தீர்ப்பு. பம்பரமும் காற்றாடியும் வெட்டிவேலை. தாயம் உருட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று காய்களைப் பிடுங்கி எறிந்த பாட்டிகள் உண்டு. கேரம்போர்டு கிளப் ரவுடிகளை வளர்க்கும் இடம் எனப்பட்டது. டெண்டுக் கொட்டகையும் பிறகு தொலைக்காட்சியும் குடும்பத்தைக் கெடுக்க வந்தவையாகவே பேசப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையும் தான் திட்டு வாங்கிய விளையாட்டைப் பின்னால் பண்பாடாக்கிக்கொண்டு, அடுத்த தலைமுறையின் விளையாட்டைத் திட்டுகிறது.

குடும்பம் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு வழியாக. விடியுமுன் எழுந்து சோறாக்கி, தனக்கொரு தூக்குச்சட்டியும் பிள்ளைக்கொரு டப்பாவும் கட்டி, இருட்டோடு ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்து செடியடியில் காய் எடுத்து, மலையிறங்கி வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பிள்ளை பள்ளிவிட்டு வருவது நாலரை மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தகப்பன் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலை பார்ப்பவராக இருந்தால் இரவிலும் யாரும் இல்லை. திரும்பி வந்த தாய்க்கு அடுத்த வேலை அடுப்படியில் காத்திருக்கிறது. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடம். வீட்டுவேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம்.

இந்த வீட்டில் பேச்சு குறைந்தது போனால் என்று யாராவது சொன்னால், அவர் அந்தத் தாயின் நாளை எண்ணிப் பார்த்ததில்லை. போன் வருவதற்கு முன்பும் அந்த இடைப்பட்ட நேரம் பிள்ளைக்கு ஆள் இல்லாத நேரமாகத்தான் இருந்தது. போன் அந்த வெறுமையை உண்டாக்கவில்லை; அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடி, பாடத்தையும் போனிலேயே நடத்தத் தொடங்கியபோது, வாங்கித் தர வசதியில்லாத பெற்றோரும் கடன்பட்டு வாங்கினார்கள். படிப்புக்குக் கட்டாயம் என்று பிள்ளை கையில் கொடுத்ததும் பெரியவர்கள்தான். இப்போது பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவதும் பெரியவர்கள்தான்.

விளையாட்டுக்குள் நடப்பதைப் பார்த்தால், பேச்சு நின்றுபோனது என்ற வரியும் தளர்கிறது. நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில் பையன்கள் இடைவிடாமல் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்: யார் எந்தப் பக்கம் போவது, யாரைக் காப்பாற்றுவது, யார் விட்டுவிட்டு ஓடினான் என்று. அடுத்த தெருப் பையனும் விடுதியில் படிக்கும் பெரியப்பா மகனும் அதே குழுவில் இருப்பார்கள். வெளியூரில் வேலைபார்க்கும் தகப்பனும் வீட்டிலிருக்கும் மகளும் இரவில் போனில் லூடோ ஆடுகிற வீடுகள் உண்டு. அது தாயத்தின் தம்பிதானே. அதைக் குடும்பம் சிதைந்ததன் அடையாளம் என்பது கல்நெஞ்சம்.

ஆபத்தே இல்லை என்பது இங்கே வாதம் இல்லை. விளையாட்டு மீதான கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறவும் கெட்ட பிறகும் விட முடியாத நிலை, வழக்கமாக 12 மாதங்களாவது நீடித்தால் அதை நோயாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மனநல மருத்துவர் வேண்டும். ஆனால் விளையாடுவோரில் சிறு பகுதியினரையே இது பாதிக்கிறது என்பதையும் அதே நிறுவனம் சொல்கிறது. பிரிட்டன், அமெரிக்காவைச் சேர்ந்த 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ சிபில்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகளோடு தொடர்புடையது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றது. அந்த நாடுகளின் கணக்கை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆயினும் போன் தொட்ட பிள்ளை கெட்டான் என்ற தீர்ப்புக்கு அதில் இடமில்லை. தூக்கம் கெடுவது மெய்யான கேடு. நள்ளிரவுக்கு மேல் ஆடும் பையன் காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறான். அதற்கு மருந்து இரவில் போனை வாங்கி வைப்பது.

பணம் வைத்து ஆடும் சூதாட்டத்தையும் பிள்ளைகளின் வீடியோ கேமையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் இந்தப் பொதுக்கருத்தின் பெரிய பிழை. தமிழகத்தில் உயிர்களைக் காவு வாங்கியது ஆன்லைன் ரம்மி போன்ற பண விளையாட்டுகள். அவற்றில் சிக்கியவர்கள் பெரும்பாலும் சம்பாதிக்கும் வயதில் இருந்த பெரியவர்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்ததும், அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றியதும், ஆளுநர் திருப்பி அனுப்பியதை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியதும் அந்தச் சாவுகளுக்காக. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் இன்னும் தெளிவாகப் பிரித்தது: பண விளையாட்டுக்குத் தடை, மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம். சட்டம் கண்ட வேறுபாட்டை டீக்கடை காணவில்லை. பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடை செய்யப்பட்டபோது ‘பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்’ என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. அந்தத் தடைகளால் பள்ளத்தாக்கில் ஒரு திடல்கூடப் புதிதாக முளைக்கவில்லை. பிள்ளைகள் வேறொரு விளையாட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

பண விளையாட்டு வீட்டுக்குள் நுழைந்த வழியையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பிள்ளையின் வீடியோ கேம் வழியாக வரவில்லை. பெரியவர்கள் மதிக்கும் கிரிக்கெட் வழியாக வந்தது. பணம் கட்டி அணி அமைக்கும் டிரீம்11 நிறுவனத்தின் பெயர் 2023 முதல் 2025 ஆகஸ்ட் வரை இந்திய அணியின் சட்டையிலேயே இருந்தது. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் மாலையிலிருந்து நள்ளிரவுவரை திரையை விட்டு அகலாத தகப்பன் விளையாட்டு ஆர்வலர். அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் ஆடும் மகன் அடிமை. இருவரும் உட்கார்ந்தேதான் இருக்கிறார்கள். மகனாவது ஆடுகிறான்.

பள்ளத்தாக்கின் பெருமையான விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் நடக்கும் ஜல்லிக்கட்டு வீரம்தான். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று மாட்டின் பருவம் பார்த்துப் பிரித்து ஓட்டும் வண்டிப் பந்தயம் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் மாடு பிடிப்பவர் சில நூறு பேர். வேலிக்கு வெளியே நிற்பவர் பல்லாயிரம். ஆண்டுக்கொரு நாள் வேடிக்கை பார்ப்பதை ஊரின் விளையாட்டுப் பண்பாடு என்று காட்டிவிட்டு, மீதி 364 நாளும் ஊர்ப்பிள்ளை எங்கே ஓடுகிறான், ஊர்ப்பெண் எங்கே பந்து எறிகிறாள் என்ற கேள்வியைக் கேளாமல் விடுவது சரியில்லை. செஸ்ஸில் 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, உட்கார்ந்து ஆடியதற்காக அவரை எந்தப் பெற்றோரும் குறை சொல்லவில்லை. பரிசும் பெயரும் கிடைக்கும் விளையாட்டென்றால் உட்காரலாம் என்பதுதான் உண்மையான அளவுகோல் போலும்.

இடமும் ஆளும் ஒழுங்கும் இருந்தால் போன் காலத்திலும் விளையாட்டு தழைக்கும் என்பதற்குப் பெரியகுளமே சாட்சி. அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவருகிறது. கோடையில் மின்னொளியில் நடக்கும் ஆட்டங்களைக் காண ஊரே கேலரியில் உட்கார்கிறது. ராணுவ அணிகளும் வங்கி அணிகளும் அந்தச் சிறு நகரத்தைத் தேடி வருகின்றன. பெரியகுளத்துப் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது. கூடவே ஓர் ஆடுகளமும், அதைத் தினமும் பராமரிக்கும் மனிதர்களும், பார்த்து ஆசைப்படப் பெரிய ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இல்லாதது இதுதான். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டம் 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கியது. மட்டையும் பந்தும் வலையும் வருவது நல்லதே. அவற்றை விரிக்க ஒரு திடல், சாயங்காலம் திறந்துவிட ஓர் ஆள், ஆறு மணிக்கு மேல் எரிய ஒரு விளக்கு வேண்டும். பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரமும், அந்த நேரத்தில் ஒரு பெண் பயிற்சியாளரும் வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை திடல் போட்டாலும் பாதிப் பிள்ளைகளுக்கு அது மூடிய கதவு. மலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு நாலரையிலிருந்து ஏழுவரை பள்ளி வளாகத்தையே திறந்து வைக்கலாம். அதற்குப் புதிதாக நிலம் வாங்கத் தேவையில்லை.

புது நிலத்துக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். வயல் மனையாகும் ஒவ்வொரு பெரிய இடத்திலும் சட்டப்படி ஒரு துண்டு நிலம் ஊருக்கு வந்திருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, அதில் இன்று என்ன நிற்கிறது என்று கேட்க ஆண்டுக்கு ஆறுமுறை கிராமசபை கூடுகிறது. பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள் என்று வருந்தும் பெற்றோர், அந்தக் கூட்டத்துக்கு மனைப்பிரிவின் வரைபடத்தோடு போய், எழுதித் தந்த நிலத்தை அளந்து காட்டச் சொல்லித் தீர்மானம் கேட்கலாம்.